பன்றிக்கு எந்தக் குண்டு? .357ஆ, .44ஆ

கேள்வி: ஹூஸ்டன், 2025 பெப்ரவரி 2

மாமா, ரிவோல்வர் ஒண்டு வாங்க யோசிக்கிறன். ரெண்டு வேலைக்கு. ஒண்டு, கூட வேலை செய்யிற ஒராளின்ரை பண்ணையிலை பன்றி அடிக்க. மற்றது, காட்டுக்கை நடக்கப் போகேக்கை இடுப்பிலை கிடக்க. .357 மக்னம், .44 மக்னம், .45 கோல்ட், இந்த மூண்டிலை எது? கடைக்காரன் .454 கசுல் எடு, பிறகு யோசனையே வராது எண்டுறான். அப்பா உங்களைக் கேக்கச் சொன்னவர்.

பெப்ரவரி 2, இரவு

.44 மக்னம். ஆறு அங்குலக் குழல். வேறை கதை இல்லை.

கடைக்காரனுக்கு .454 விலைப்படாமல் கிடக்குது போலை.

பெப்ரவரி 3, காலமை

ஒரு வரியிலை முடிச்சதுக்கு அக்காவே போன் எடுத்துப் பேசிப்போட்டா. சரி, ஏன் எண்டு சொல்லுறன்.

இந்த இலக்கமெல்லாம் தோட்டாவின்ரை பேர், குண்டின்ரை அகலத்தை அங்குலத்திலை சுமாராச் சொல்லுறது. மக்னம் எண்டால் மருந்து கூடினது. முதல் கணக்கு. அமெரிக்கன் குண்டின்ரை நிறையைக் கிரெயினிலை சொல்லுவான். 1 கிரெயின் 0.0648 கிராம். .38 ஸ்பெஷல் 158 கிரெயின் குண்டை, அதாவது 10 கிராம் சொச்சத்தை, செக்கனுக்கு 230 மீற்றரிலை தள்ளும். 270 ஜூல், அதுதான் குண்டு கொண்டுபோற சக்தி. அதே 158 கிரெயினை .357 மக்னம் 375 மீற்றரிலை தள்ளும். 720 ஜூல். .44 மக்னம் 240 கிரெயினை 410 மீற்றரிலை. 1,300 ஜூல் வரும். .45 கோல்ட் 1873இலை பிறந்த கிழவன், 255 கிரெயின், 260 மீற்றர், 560 ஜூல். .454 கசுல் 300 கிரெயினை 495 மீற்றரிலை எறிஞ்சு 2,300ஐத் தாண்டும்.

உன்ரை தாத்தாவின்ரை, அதாவது எங்கடை அப்பாவின்ரை, 12 போர் சொட்கண்ணின்ரை சாதாரணத் தோட்டா 2,000 ஜூலுக்கு மேலை. ஆனா அதைத் தோளிலை வைச்சுச் சுடுறது. .454ஐ மணிக்கட்டிலை வாங்கவேணும். உன்ரை மணிக்கட்டு கீபோட் தட்டுற மணிக்கட்டு.

அதாலை நடுவிலை .44.

பெப்ரவரி 3, மத்தியானம்

விட்டுப்போச்சு. டெக்சாஸிலை தனியார் காணியிலை, காணிக்காரன் சம்மதிச்சால், காட்டுப்பன்றிக்கு வேட்டை லைசன்ஸ் தேவையில்லை. 2019 செப்டெம்பரிலை இருந்து அப்பிடி. உனக்குக் கிறீன் கார்ட் வந்திட்டுது எண்டு அக்கா சொன்னவா, அப்ப பிரச்சினை இல்லை. வராமல் வேலை விசாவிலை நிக்கிற பெடியள் இதை வாசிச்சால் கவனம்: பன்றிக்குத் தேவையில்லாட்டிலும் உங்களுக்கு அந்த வேட்டை லைசன்ஸ் தேவை. குடியேற்றம் இல்லாத விசாக்காரர் துவக்கு வைச்சிருக்கக்கூடாது எண்டது பொதுச் சட்டம்; லைசன்ஸ் இருந்தால்தான் விலக்கு. 2016இலை நான் வந்தபோது அத்தான் முதல் கடைக்குக் கூட்டிக்கொண்டுபோய் அதை எடுத்துத் தந்துபோட்டுத்தான் சுடவிட்டவர்.

பெப்ரவரி 5

.38ஐயும் .357ஐயும் வேறை வேறை தடிப்பு எண்டு இதை வாசிச்ச ஒராள் நினைச்சிருக்கிறார். இல்லை. ரெண்டு குண்டும் ஒரே அகலம், 0.357 அங்குலம். 38 எண்டது பழைய காலத்துக் கோதின்ரை, அதாவது மருந்தடைச்ச கூட்டின்ரை, கணக்கு. .357இன்ரை கோது மூண்டு மில்லிமீற்றர் சொச்சம் நீளம், அவ்வளவுதான். 1935இலை அதைக் கொண்டுவரேக்கை, பழைய .38 ரிவோல்வருக்கை ஆரும் தவறிப்போய்ப் போடக்கூடாது எண்டு வேணுமெண்டே நீட்டினவங்கள். அதாலை .357 ரிவோல்வருக்கை .38 போடலாம். மாறிச் செய்ய ஏலாது. .44உம் .44 இல்லை, 0.429. பேர் வைச்சவங்கள் அளவுகோல் பிடிச்சு வைக்கேல்லை.

எங்கடை தாத்தாட்டை இருந்ததும் .38 ஸ்பெஷல்தான். அப்புத்தளையிலை தோட்டத்துப் பெரிய கிளாக்கரா இருந்தவர். துரை ஊருக்குப் போகேக்கை லைசன்ஸை மாத்திக் குடுத்துவிட்டுப் போன வெப்லி எண்ட பிரித்தானிய ரிவோல்வர். சம்பள நாளிலை மட்டும் மேசையிலை வைப்பாராம்.

பெப்ரவரி 5, இரவு

பிழை. மேலை எழுதினதை அழிக்காமல் விடுறன், ஆனா பிழை.

வெப்லி .38 எண்டால் அது .38 ஸ்பெஷல் இல்லை, .38 எஸ் அண்ட் டபிள்யூ (ஸ்மித் அண்ட் வெசன்). பேரிலை மட்டும்தான் ஒற்றுமை. அதின்ரை கோது கட்டை, கொஞ்சம் கொழுப்பு, குண்டு 0.361 அங்குலம். ஒண்டின்ரை தோட்டா மற்றதுக்குப் பொருந்தாது. பிரித்தானியப் படை முந்தி .455 வைச்சிருந்து, முதலாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அது பாரம் எண்டு இந்தச் சின்ன .38க்கு இறங்கினது. சின்ன வயசிலை நான் அதின்ரை வெற்றுக்கோது ஒண்டை வைச்சு விசிலடிச்சுத் திரிஞ்சனான். ஸ்பெஷல் கோது எண்டால் இன்னும் உயரமா இருந்திருக்கும். அம்பது வருசம் பிழையா நினைச்சுக்கொண்டிருந்திருக்கிறன்.

பெப்ரவரி 6

“உங்களிட்டை என்ன இருக்கு அண்ணை?” எண்டு நோர்வேயிலை இருந்து கேள்வி.

வெள்ளவத்தையிலை, மூண்டாம் மாடியிலை, காகம் கலைக்க ஒரு கெட்டபோல். வேறை ஒண்டும் இல்லை.

இஞ்சை துவக்குச் சட்டம் 1916இலை வந்தது, இண்டைக்கும் அதுதான். வயல்காரருக்குப் பயிர்ப் பாதுகாப்புக்கு எண்டு சொட்கண்ணுக்கு மாவட்டச் செயலகத்தாலை லைசன்ஸ், ஒவ்வொரு வருசமும் புதுப்பிக்கவேணும். ரிவோல்வர், பிஸ்டல் எண்டால் பாதுகாப்பு அமைச்சு. 2024 நவம்பரிலை அதையும் எல்லாரையும் கொண்டுவந்து குடுக்கச் சொல்லி, ஆருக்கு உண்மையிலை தேவை எண்டு திரும்பப் பார்த்தவை. ரிவோல்வரோடை வேட்டைக்குப் போறது எண்ட கதையே இந்த நாட்டிலை இல்லை. 1937ஆம் ஆண்டு வனசீவராசிகள் சட்டத்தாலை இப்ப மானும் மரையும் கனவுதான். பன்றிக்கு மட்டும் அந்தப் பாதுகாப்பு இல்லை. நோர்வேயிலையும் வேட்டைக்கு ரைபிள்தான், கைத்துவக்கு விடமாட்டினம். ஆக, இந்தக் கதை முழுக்க மருமகனுக்கு மட்டும்தான் பிரயோசனம். மற்ற ஆக்கள் சும்மா வாசியுங்கோ.

பெப்ரவரி 9, ஞாயிறு

.44 எண்டு எழுதினதிலை இருந்து ஒரு விசயம் உறுத்திக்கொண்டிருக்கு.

நான் என்ரை வாழ்க்கையிலை .44 மக்னம் சுட்டது மொத்தம் 18 குண்டு. 2016, ஹூஸ்டனுக்கு வெளியிலை, அத்தானின்ரை கூட்டாளி ஒருத்தரின்ரை ரிவோல்வர். முதல் குண்டு 15 மீற்றரிலை நடுவட்டம். எல்லாரும் கைதட்டினவை. ரெண்டாவது ஒரு சாண் கீழை. நாலாவது தட்டியிலை இல்லை, மண்ணிலை. ஆறாவது எங்கை போனது எண்டு பார்க்கிறதுக்கு நான் கண்ணைத் திறந்திருக்கேல்லை.

அந்த மனுசன் ஒண்டும் சொல்லாமல் ரிவோல்வரை வாங்கி, திரும்பி நிண்டு குண்டு போட்டுத் தந்தார். ரெண்டு குண்டு வெடிச்சுது. மூண்டாவதுக்கு விசையை இழுத்தன். டிக். வெடியில்லை. ஆனா குழல் நாலு விரல்கடை கீழை குத்தி நிண்டது. அவர் இடையிலை வெற்றுக்கோது ஒண்டைப் போட்டிருக்கிறார். குண்டு வெடிக்க முந்தியே நான் பயந்து கையை அமத்துறன் எண்டதை எனக்குக் காட்ட. அத்தான் அதுக்குப் பிறகு ஒரு கிழமை சோத்துக்கோப்பையை மேசையிலை வைக்கேக்கையெல்லாம் “டிக்” எண்டவர்.

பிறகு .357 ஒண்டு தந்தவை, அதே நிறைத் துவக்கு, நாலு அங்குலம். உதை ஏறக்குறையப் பாதி. ரெண்டு பெட்டி சுட்டன், சுடச் சுடக் கை திருந்திச்சுது.

அப்ப ஏன் .44 எண்டு எழுதினனான்? அந்த முதல் குண்டையும் கைதட்டையும் நினைச்சு. வேறை காரணம் தெரியேல்லை.

பெப்ரவரி 10

இல்லை, .44ஐ முழுக்கக் கைவிடேல்லை. பொறு.

பெப்ரவரி 13

பன்றிக்கு எவ்வளவு வேணும் எண்ட கேள்விக்கு வாறன். இதிலை எனக்குக் கண்ட அனுபவம் இருக்கு, அப்பாவின்ரை பக்கத்திலை நிண்ட அனுபவம்.

எங்கடை வயல் ஒட்டுசுட்டான் பக்கம். எழுபதுகளிலை, கதிர் முத்தேக்கை இரவு காவல் கொட்டிலிலை படுக்கிறது. அப்பாட்டை ஒற்றைக்குழல் 12 போர், ரெண்டு எஸ்.ஜி தோட்டா (பெரிய சன்னம்), ஒரு நாலாம் நம்பர் (சின்னச் சன்னம்). ஒரு நாள் தனியன் பன்றி ஒண்டு வரம்போடை வந்தது. ரோச் அடிச்சது நான். அப்பா தோளுக்கு மேலை பிடிச்சு அடிச்சவர். பன்றி விழுந்தது, எழும்பினது, போனது. விடிய ரத்தத் தடம் பார்த்துப் போக, கால் மைலுக்கு அங்காலை செத்துக் கிடந்தது. அந்தப் பக்கத்திலை பழைய இடியன், அதாவது வாய்ப்பக்கத்தாலை மருந்து இடிக்கிற துவக்கு, வைச்சு வேட்டையாடின ஒரு கிழவர், வேலப்பர் எண்டு கூப்பிடுவினம், வந்து பார்த்துச் சிரிச்சவர். “ஐயா மானுக்கு அடிச்ச மாதிரி அடிச்சிருக்கிறியள்” எண்டார்.

பன்றியின்ரை நெஞ்சாங்குலை நாங்கள் நினைக்கிற இடத்திலை இல்லை. மானை விட முன்னுக்கும் கீழைக்கும் இருக்கு. முன்னங்கால் வழியே நேரை மேலை போய், உடம்பின்ரை மூண்டிலொரு பங்கு உயரத்திலை. முதுகுமயிர் சிலிர்த்து நிக்கிறதாலை உடம்பு பெரிசாத் தெரியும். நடுவிலை பிடிச்சால் மேலாலை போகும். அதோடை வளந்த ஆண் பன்றிக்குத் தோள்மாட்டிலை இறுகின தோலும் முருந்தும் சேந்த ஒரு கவசம் இருக்கு. மற்ற ஆண் பன்றியின்ரை கொம்புக்குத் தாங்கக் கடவுள் குடுத்தது.

இப்ப குண்டைப் பார். துளை மூக்குக் குண்டு இருக்கே, உள்ளை போனதும் பூ மாதிரி விரியிறது, கைத்துவக்கிலை அது பெரும்பாலும் மனுசனுக்கு எண்டு செய்தது. வேகமான .357இலை அதைப் போட்டுப் பெரிய பன்றியின்ரை தோளிலை அடிச்சால் கவசத்துக்கையே விரிஞ்சு நிண்டுபோகலாம். வேணுமானது கடினமா வார்த்த ஈயக்குண்டு, மூக்குத் தட்டை. விரியாது, வளையாது, நேரை போய் மற்றப் பக்கத்தாலை வரும். அப்பிடியான 255 கிரெயின் குண்டை .45 கோல்ட் வெறும் 260 மீற்றரிலை தள்ளினாலும் உள்ளை நல்லாப் போகும். முதல் நாள் நான் ஜூல் கணக்குப் போட்டுக் கிழவனைத் தள்ளி வைச்சது இந்த இடத்திலை பிழைக்குது. ஜூல் வேகத்தின்ரை வர்க்கத்திலை ஏறுற கணக்கு, அதாலை வேகமானதுக்கு மார்க் கூடப் போகும். இறைச்சிக்கை எவ்வளவு தூரம் போகும் எண்டதை அது சொல்லாது.

25 மீற்றருக்குள்ளை, சரியான இடத்திலை, தட்டை மூக்கு 158 அல்லது 180 கிரெயின் .357 எந்தப் பன்றிக்கும் காணும். அம்பது மீற்றர் எண்டால் நீ ரிவோல்வரைக் கீழை வைச்சுப்போட்டு ரைபிளை எடு.

பெப்ரவரி 14

“வேலப்பர் சொன்னது சரி, ஆனா கால் மைல் ஓடின பன்றியை நாங்கள் சாப்பிட்டமோ?” எண்டு அக்கா கேக்கிறா. சாப்பிட்டம். நீயும் சாப்பிட்டனி. மரை எண்டு சொல்லித் தந்தது.

பெப்ரவரி 17

காது.

இதை ஒருத்தரும் கேக்கேல்லை, அதாலை நானே எழுதுறன். எனக்கு இடக்காதிலை ஒரு சில்வண்டு 1978இலை இருந்து கத்திக்கொண்டிருக்கு. கொட்டிலுக்கை, தகரக் கூரைக்குக் கீழை, அப்பாவின்ரை 12 போர். ஒரே ஒரு வெடி.

140 டெசிபெல்லைத் தாண்டினால் ஒரு சத்தமே காணும், காது கெட. நாலு அங்குல .357 அதைத் தாண்டி 160 பக்கம் நிக்கும். .357இன்ரை சத்தம் ஒரு மாதிரிக் கூரானது, நெற்றிக்கை ஆணி அடிக்கிற மாதிரி; .44 இடிக்கும், ஆனா இவ்வளவு குத்தாது எண்டது என்ரை எண்ணம். சுடுதளத்திலை காது மூடி இருக்கும். காட்டுக்கை நடந்துகொண்டிருக்கேக்கை பன்றி பத்தைக்குள்ளாலை வந்தால் ஆரும் மூடியைத் தேடமாட்டினம்.

இதாலைதான் பெப்ரவரி 10இலை பொறு எண்டனான். .44 மக்னம் ரிவோல்வருக்கை .44 ஸ்பெஷல் போடலாம், .357க்கை .38 போடுற மாதிரி. 1907ஆம் ஆண்டுத் தோட்டா. பாரமான குண்டு, ஆறுதலான வேகம், சத்தம் தாங்கலாம். ஐடஹோவிலை எல்மர் கெய்த் எண்ட மாட்டுப்பண்ணைக்காரர் இந்த ஸ்பெஷலுக்கை மருந்தைக் கூட்டிக் கூட்டிச் சுட்டுப் பார்த்துத்தான் 1955இலை .44 மக்னம் வந்தது. அவர் கூட்டினதை நீ குறைக்கலாம். நடக்கேக்கை ஸ்பெஷல், பன்றிக்கு மக்னம்.

இதிலை இருக்கிற வில்லங்கம் விலை. .44 ஸ்பெஷல் எப்பவும் .38ஐ விட விலை, எல்லாக் கடையிலையும் கிடக்கவும் மாட்டாது. விலை எண்டால் பழக மாட்டாய். நீ சின்ன வயசிலை வயலின் பழகின கதை எனக்குத் தெரியும்.

பெப்ரவரி 20

“ரிவோல்வர் சிக்காது, அதாலைதான் காட்டுக்கு நல்லம்” எண்டு ஒரு பெடியன் எழுதியிருந்தான். சிக்கும் தம்பி.

எழுநூறு கிராமிலை .44 மக்னம் செய்து விக்கிறாங்கள், இடுப்புக்குச் சுகமெண்டு. ஒரு குண்டு வெடிக்கேக்கை அந்த உதையிலை, உருளையிலை, அதாவது தோட்டா போடுற சுத்துற துண்டிலை, மற்ற அறைகளிலை கிடக்கிற குண்டு கோதை விட்டு மெல்ல மெல்ல முன்னுக்கு நழுவும். மூக்கு உருளையை விட்டு வெளியிலை நீட்டினால் உருளை சுத்தாது. அதோடை சரி. பிஸ்டல் எண்டாலும் தட்டி இழுத்து விடலாம். இதுக்குச் சுத்தியல் தேடவேணும்.

மற்றது, .357க்கை நாள் முழுக்க .38 சுட்டால் கட்டைக் கோது முடியிற இடத்திலை கரி வளையமாப் படியும். பிறகு நீளமான .357ஐப் போட அது இறங்காது, இறங்கினால் சுட்ட பிறகு வெளியிலை வராது. கம்பிப் பிறஷ்சாலை அண்டைக்கண்டைக்கே துடை.

உருளைக்கும் குழலுக்கும் நடுவிலை ஒரு நீக்கல் இருக்கு. சுடேக்கை பக்கப்பாட்டுக்கு நெருப்பு வரும். இடக்கை விரலை அங்கை கொண்டுபோகாதை. சொட்கண் பிடிச்சுப் பழகின கை தானாகவே முன்னுக்குப் போகும், என்ரை போனது, அத்தானின்ரை கூட்டாளி தட்டிவிட்டார்.

பழைய சிங்கிள் அக்‌ஷன் ரிவோல்வர், ஒவ்வொரு வெடிக்கும் துவக்கின்ரை சுத்தியலைக் கையாலை பின்னுக்கு இழுக்கிறது, ஆரும் மலிவாத் தந்தால், விழுந்து வெடிக்காமல் இருக்க அந்தச் சுத்தியலுக்குக் கீழை ஒரு அறையை வெறுமையா விட்டு அஞ்சோடை நட. ரூகர் கொம்பனி 1973இலை தடுப்புக் கட்டை வைச்ச பிறகு வந்த அவங்கடை ரிவோல்வருகளுக்கு ஆறும் போடலாம்.

பெப்ரவரி 26, சிவராத்திரி, பின்னிரவு

கோயிலாலை வந்து கண்முழிப்பு. மனுசி திருவாசகம் படிக்கிறா, நான் பக்கத்திலை இருந்து பன்றிக்குக் குண்டு எழுதுறன். பாவம் எண்டு பார்த்தால், இந்த இரவின்ரை கதையே வில்வமரத்திலை ஏறி இருந்த ஒரு வேடன்ரை கதை. கண்ணப்பரும் வேடன். முதல் வேட்டையிலை ஓடின பன்றியைத் துரத்திக்கொண்டுபோய் உடைவாளாலை ரெண்டாக வெட்டினவர். எந்தக் குண்டு எண்ட கேள்வி அவருக்கு வரேல்லை.

அப்புத்தளையைச் சொன்னபடியாலை இன்னொண்டு. மேஜர் ரொஜர்ஸ் எண்ட வெள்ளைக்காரன், 1,400 யானைக்கு மேலை சுட்டவன் எண்டு சொல்லுவினம், 1845இலை அப்புத்தளையிலை இடி விழுந்து செத்தவன். தாத்தா இதைச் சொல்லிப்போட்டுக் கொஞ்சநேரம் பேசாமல் இருப்பார். பேந்து வெத்திலை போடுவார்.

சரி, மருமகனே, நித்திரை வரமுதல் ஒண்டு. நீ கேட்டது ஒரு கேள்வி இல்லை, ரெண்டு. பன்றி அடிக்கப் போற ரிவோல்வர் நீளமா, பாரமா இருக்கலாம். வண்டியாலை இறங்கி நூறு யார் நடந்து இருந்துகொண்டு அடிக்கிறது. நடக்கேக்கை இடுப்பிலை கிடக்கிறது வேறை. ஆறு அங்குல .44, குண்டோடை, ஒண்டரைக் கிலோவுக்குக் கிட்ட. முதல் நாள் கொண்டுபோவாய். ரெண்டாம் நாள் காற்சட்டை கீழை இழுக்குது எண்டு புறுபுறுப்பாய். மூண்டாம் நாள் அது காரிலை கிடக்கும். நாலு அங்குல .357 ஒண்டு வாங்கு. பெட்டி பெட்டியா .38 சுட்டுப் பழகு. பன்றிக்குத் தட்டை மூக்கு மக்னம் போடு, 25 மீற்றருக்குள்ளை விடு. முதல் நாள் நான் எழுதின “வேறை கதை இல்லை” எண்டதை மறந்திடு.

அதோடை நான் சொன்னன் எண்டு வாங்காதை. சுடுதளத்திலை ரெண்டையும் வாடகைக்கு எடுத்து, ஆரையும் இடையிலை வெற்றுக்கோது போடச் சொல்லிப் பார்.

மார்ச் 9

பதில் வந்திட்டுது. மருமகன் போய் ரெண்டும் சுட்டிருக்கிறான். 20 மீற்றரிலை .357 குண்டெல்லாம் ஒரு உள்ளங்கைக்குள்ளை. .44 சோத்துக்கோப்பை அளவு. வெற்றுக்கோதுக்கு அவனும் “டிக்”. பரம்பரை.

ரூகர் ஜீபி100, .357, நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட, வாங்கிப்போட்டான். பன்றி இன்னும் அடிக்கேல்லை. காணிக்காரன் சித்திரையிலை வரச் சொன்னவனாம். நல்லது, அதுவரைக்கும் பழகட்டும்.

மார்ச் 9, பின்னேரம்

அனுப்பின படத்தைப் பெருப்பிச்சுப் பார்த்துப்போட்டுத் “தம்பி, உருளையிலை ஆறு அறையும் துடைச்சனியோ?” எண்டு கேட்டன்.

“மாமா, இதிலை ஏழு” எண்டுறான்.

எண்ணச் சொன்னன். திரும்ப எண்ணச் சொன்னன். ஏழுதானாம், அந்த மாதிரியும் விக்கிறாங்களாம். அக்காவும் எண்ணினவாவாம்.